கடனா, உதவித்தொகையா, நகையா: நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் உழவு, விதைநெல், நாற்றங்கால் என்று கையில் இருந்த காசெல்லாம் வயலுக்குப் போயிருக்கும். கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். குறுவை நெல் காசாவது புரட்டாசி, ஐப்பசியில். சம்பா காசாவது மாசி, பங்குனியில். கல்லூரி கட்டணம் கேட்கும்போது டெல்டாவில் பாதி வீடுகளில் பத்தாயிரம் ரூபாய் ரொக்கம் இருக்காது.

கல்விக் கடன் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டி விகிதத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்பதரையா, பத்தேகாலா என்று. எங்கள் பக்கத்துக் குடும்பங்களைக் கவிழ்ப்பது அந்த முக்கால் சதவீதம் இல்லை. எந்த வழியாக இடம் வாங்கினோம், பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது, ஈடு வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற மூன்றும்தான். என் அக்கா மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன மாதம் முழுக்க அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டு நிலவரம் முதலில். அத்தானுக்குச் சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அதற்கு மேல் ஏழு மா மடத்து நிலம், குத்தகை. வீடு கோயில் மனையில் இருக்கிறது. அக்காவின் நகை பதினோரு பவுன், அதில் தாலிக்கொடி நாலு பவுன். குடும்பத்தில் பட்டதாரி என்று யாரும் இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் தாய்மாமன் கணக்கில் வர மாட்டான். முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் வரைதான் பார்ப்பார்கள்.

திண்ணையில் மூன்று யோசனைகள் இருந்தன. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். கலந்தாய்வு வழியாக ஒரு பொறியியல் கல்லூரி. மூன்றாவது, அத்தானின் நண்பர் ஒருவர் 'எல்லாம் பேசி முடிச்சிடலாம்' என்று கொண்டுவந்த நிர்வாக ஒதுக்கீட்டு இடம், வெளியூர்த் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அக்காவுக்கு மூன்றாவதில் ஆசை. அத்தானுக்கு முதலாவதில். மகளுக்கு இரண்டாவதில்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம்

எதிர்வீட்டுப் பெண்ணும் இவளும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பெண் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருகிறாள். 2020-இல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவந்த இந்த ஒதுக்கீடு 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அதில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. போதாததற்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், வேறு உதவித்தொகை வாங்கினாலும் சேர்த்துக் கிடைக்கும். பையன்களுக்கு அதே தொகை 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் வருகிறது.

எங்கள் பெண் ஆறும் ஏழும் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். அக்காவுக்கு அப்போது அது பெருமை. வேன் வீட்டு வாசலுக்கே வரும், டை கட்டிக்கொண்டு போவாள். கொரோனா வந்து கட்டணம் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு வருஷத்தால் 7.5-ம் இல்லை, மாதம் ஆயிரமும் இல்லை. காசு கட்டிப் படித்த இரண்டு வருஷம், நாலு வருஷ இலவசப் படிப்பைத் தின்றுவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் படித்துக் காட்டலாம்.

புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர். 1989-இல் அவர் பெயரில் தொடங்கியது ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி. பின்னால் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-இல் அதைத்தான் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு மாற்றினார்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் 'தாலிக்குத் தங்கம் போச்சே' என்று வருத்தப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் பெண்ணுக்கு மிச்சம் என்ன? முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், ஆறிலிருந்தே அரசுப் பள்ளி, அவனுக்கு 7.5 இருக்கும். அதனால் சலுகையை இவளுக்கே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பதால் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இதைவிடப் பெரிய கை, அதற்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சம்தான்.

மத்திய அரசுப் பக்கம் இரண்டைப் பார்த்தோம். பிளஸ் டூ மதிப்பெண்ணில் அந்தந்த வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு எட்டு லட்சம். இரண்டாவது கிடைத்தால் பொறியியல் செலவில் பாதி தீர்ந்தது. ஆனால் தகுதி இருந்தாலே கிடைத்துவிடாது, இடங்களுக்கு எண்ணிக்கை உண்டு, தகுதி வரிசை உண்டு. அதனால் கணக்கில் அதை வரவாக எழுதவில்லை. வந்தால் கடன் குறையும் என்று ஓரத்தில் மட்டும் குறித்துவைத்தேன். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்கக் கூடாது என்ற விதியும் சில திட்டங்களில் உண்டு. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பது பின்னால் சிக்கலாகும்.

உதவித்தொகையின் குறை அது எவ்வளவு என்பதில் இல்லை, எப்போது என்பதில் இருக்கிறது. ஆதார் இணைத்த கணக்கில் நேராக வந்துவிடும், சரி. வருவது பெரும்பாலும் படிப்பு வருஷத்தின் பிற்பகுதியில். ஆடி மாதம் கட்டவேண்டிய கட்டணத்துக்குத் தை மாதம் வரும் பணம் எப்படி உதவும்? இடையில் உள்ள ஆறு மாதத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான், அடகுக்கடை.

புதுப்பிப்பு இன்னொரு பள்ளம். அந்த 12,000 ரூபாய்த் திட்டத்தில் அடுத்த வருஷமும் தொகை வரவேண்டும் என்றால் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதில் பெரிய மனிதர்களும் விழுந்திருக்கிறார்கள். ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடுதான் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அடுத்த வருஷம் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடினார். இன்றைக்கு சிட்டி யூனியன் வங்கியாக இருக்கும் கும்பகோணம் வங்கி பதிவானதும் அதே 1904-இல்தான். அந்த ஊரில் அப்போது கல்விக் கடன் என்று ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு வேண்டாத யோசனை வருவதுண்டு.

வங்கிக் கடன்: நான் வாங்கியதும் இன்று உள்ளதும்

நான் 2007-இல் கல்விக் கடனில் படித்தவன். ஆண்டுக்கு 60,000 வீதம் நாலு வருஷம், மொத்தம் 2,40,000. வட்டி 12 சதவீதம். நாலு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. நான் போன கிளையில் அப்பாவிடம் எல்.ஐ.சி. பாலிசியையும் நிலப் பத்திரத்தையும் கேட்டார்கள். பாலிசி இல்லை, பத்திரத்தைக் கொடுத்தார். கடன் முடியும் வரை அது வங்கி அலமாரியில் இருந்தது. அப்பாவுக்கு அது ஈடு என்றே தெரியாது, 'சும்மா பார்க்கக் கேட்டாங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்கும்போது வட்டி ஓடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தவணை ஓடாது, வட்டி ஓடும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 2012-இல் தவணை ஆரம்பிக்கும்போது பாக்கி 3,40,800 என்று காட்டினார்கள். 2009-10 கல்வியாண்டிலிருந்து மத்திய அரசு வட்டி மானியம் தர ஆரம்பித்திருந்தது, பழைய கடனாக இருந்தாலும் அதற்குப் பின் பட்டுவாடா ஆன பணத்துக்கு உண்டு. வருமானச் சான்று கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசி இரண்டு வருஷப் பணத்துக்கான மானியம் அப்படியே போயிற்று.

இன்றைய விதிகள் அப்போதையதைவிட நல்லவை. நாலு லட்சம் வரை ஈடும் வேண்டாம், நம் பங்குத் தொகையும் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும். ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது, அதனால் அங்கேயும் சொத்து ஈடு கேட்க வேண்டியதில்லை. ஏழரைக்கு மேல் சொத்து ஈடு. திருப்பிக் கட்ட 15 வருஷம் வரை கிடைக்கும். பல பொதுத்துறை வங்கிகள் பெண்களுக்கு அரை சதவீதம் குறைக்கின்றன.

வட்டி மானியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய காசு இதில்தான் இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள், படிப்பு தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தொழில்நுட்பப் பாடப்பிரிவுகளை மதிப்பிடும் வாரியம்) தரச்சான்று. இவை இருந்தால் படிப்புக் காலமும் அடுத்த ஒரு வருஷமும் ஓடும் வட்டி முழுவதையும் அரசு கட்டிவிடும். பாதியில் படிப்பை விட்டால் கிடையாது. இளநிலை, முதுநிலை இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான், ஒருமுறைதான்.

எங்கள் பெண்ணுக்கு ஆண்டுக்கு 75,000 வீதம் மூன்று லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். மானியம் இல்லையென்றால் தவணை தொடங்கும் நாளில் பாக்கி 4,05,000. பத்து வருஷத் தவணை மாதம் 5,350 ரூபாய்க்குச் சற்று மேல். மானியம் இருந்தால் பாக்கி மூன்று லட்சம்தான், தவணை 3,965. பத்து வருஷ முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் 1,66,000 ரூபாய்க்கு மேல். அத்தானுக்கு இந்தக் கணக்கைச் சிப்பத்தில் சொன்னேன். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் சாதாரண ரகம் குவிண்டால் 2,500, அப்படியென்றால் 40 கிலோ சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். மானியத்தோடு மாதம் நாலு சிப்பம், மானியம் இல்லாமல் ஐந்தரைக்குப் பக்கம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. 'அப்ப காலேஜ் வாசல்ல அந்தச் சான்று இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ளயே போகணும்' என்றார். கல்லூரி இணையதளத்தில் பூங்காவும் நீச்சல் குளமும் முதலில் தெரியும், தரச்சான்று எந்தப் பிரிவுக்கு எந்த வருஷம் வரை என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

2024 நவம்பரில் ஒப்புதல் ஆன பி.எம். வித்யாலட்சுமி வேறு மாதிரி. அது கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் தரவரிசைப் பட்டியலில் முன்னால் நிற்கும் நிறுவனங்களும் மத்திய அரசு நிறுவனங்களும் அதில் வரும், தொடக்கத்தில் 860. ஈடும் வேண்டாம், பிணையாளும் வேண்டாம். வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை, அதுவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு. நிர்வாக ஒதுக்கீட்டில் போனவர்களுக்கு இல்லை. நம் பக்கத்தில் நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் சொல்லித் தரும் நிஃப்டெம், திருச்சி என்.ஐ.டி. எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள்தான். திருவாரூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் 2009-இலிருந்து இருக்கிறது. அதற்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எங்கள் பெண் எழுதவில்லை. பள்ளியில் சொன்னார்களாம், கட்டணம் எதற்கு என்று இவர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

நகையும் நிலமும்

அக்காவின் வாதம் இதுதான்: 'பேங்குக்கு ஆறு தடவை நடக்கிறதுக்கு ஏழு பவுனை வச்சா ஒரு மணி நேரத்துல பணம்.' பொய் இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் வட்டியும் கல்விக் கடனுக்குப் பக்கத்தில்தான் வரும். யாரும் மதிப்பெண் பட்டியல் கேட்க மாட்டார்கள். பெண்ணின் பெயரில் கடன் ஏறாது.

ஆனால் நகைக்கடனுக்கு ஆயுள் ஒரு வருஷம். படிப்புக்கு நாலு. ஒவ்வொரு வருஷமும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும், மேலே அடுத்த வருஷக் கட்டணத்துக்கு வேறு நகை வைக்க வேண்டும்.  அந்த வட்டி கட்டக் கையில் காசு இல்லாத வருஷம் தனியார் அடகுக்கடைதான், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதத்துக்கு இரண்டு என்று கேட்கும்போது சின்னதாக இருக்கும், வருஷத்துக்கு இருபத்து நாலு. அதே 75,000 வீதத்தை நாலு வருஷமும் இரண்டு வட்டியில் வாங்கினால் படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 1,80,000. வங்கியில் பத்து சதவீதத்தில் அதே நாளில் 75,000. மானியம் இருந்தால் சுழி.

நகைக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அது பாலம். கலந்தாய்வில் இடம் உறுதியான சில நாட்களுக்குள் பணம் கட்டச் சொல்வார்கள், வங்கி அனுமதிக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளிக்கு இரண்டு சங்கிலியைக் கூட்டுறவில் வைத்துக் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி வங்கியிடம் திரும்பப் பெற்று மீட்பது. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கிளையில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பல வங்கிகள் ஏற்கின்றன.

நிலத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. மூன்று மாவை விற்றால் அத்தான் முழுக் குத்தகைக்காரர் ஆகிவிடுவார். மடத்து நிலத்தையும் கோயில் மனை வீட்டையும் எந்த வங்கியிலும் ஈடாக வைக்க முடியாது, பட்டா நம் பெயரில் இல்லை. டெல்டாவில் இப்படி எத்தனை வீடு. மூன்று தலைமுறையாக உழுகிற நிலம், தாத்தா கட்டிய வீடு, ஆனால் வங்கியின் ஈட்டுப் பத்தியில் எழுத ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஏழரை லட்சம் என்ற கோடு எங்கள் பக்கத்துக்கு மற்ற இடங்களைவிட முக்கியம். கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை மடத்து நிலக் குத்தகைக்காரரும் பத்து வேலி நிலமுள்ள மிராசுதாரும் வங்கி முன்னால் ஒன்றுதான். கோட்டைத் தாண்டினால் குத்தகைக்காரருக்குக் கதவு மூடிவிடும்.

மூன்று இடங்களும் மூன்று கணக்கும்

நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்த நண்பர் சொன்ன தொகை நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம். முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. அரசு உதவித்தொகைகளில் பெரும்பாலானவை இல்லை. வித்யாலட்சுமி இல்லை. கடன் கொடுக்க வங்கி ஒப்புக்கொண்டாலும் ஏழரைக்கு மேல் என்பதால் ஈடு. எப்படியோ ஈடு கிடைத்து, பத்து லட்சமும் கடனாகவே வாங்கினால் தவணை தொடங்கும்போது பாக்கி பதின்மூன்றரை லட்சம். பதினைந்து வருஷத்துக்கு மாதம் 14,500 ரூபாய். மொத்தம் இருபத்தாறு லட்சம். இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போகும் பெண் மாதம் பதினாலரைச் சிப்பம் நெல்லை வங்கிக்கு அளக்க வேண்டும். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'கல்யாணம் ஆனா யார் கட்டுவா?' என்றாள். அந்தக் கேள்வியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. அதனால்தான் பெண் பிள்ளைக்குக் கடன் வேண்டாம், பையனுக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்கு என் பதில் சின்னக் கடனாக வாங்குங்கள் என்பதே.

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணமே இல்லை, இதர கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடன் என்ற பேச்சே எழாது. இதைக் குறைவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணிதத்தில் நல்ல பெண், பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி., பி.எட்., அல்லது டி.என்.பி.எஸ்.சி. என்று போகலாம். செலவு இல்லை என்று சொல்ல முடியாது, மூன்று வருஷம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான். பி.எட். கட்டணமும் தஞ்சாவூரில் தங்கித் தேர்வுக்குப் படிக்கும் செலவும் அப்போது வரும். அத்தான் இதை எதிர்பார்க்கவில்லை.

கலந்தாய்வு இடத்தில் சுயநிதிக் கல்லூரிக்கு 2017-இல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் 50,000, தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000. முதல் பட்டதாரிச் சலுகை போக 25,000 அல்லது 30,000. பேருந்து அல்லது விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம். தரச்சான்றுக்காக 5,000 கூடக் கொடுக்கிறோம், அந்தச் சான்றுதான் வட்டி மானியத்துக்கும் சாவி. நாலு வருஷத்தில் 20,000 கூடக் கொடுத்து 1,66,000 மிச்சம் பிடிப்பது போல நெல்லில் எந்த வியாபாரமும் இல்லை. இதைவிட மலிவாக, பட்டுக்கோட்டையிலும் திருக்குவளையிலும் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளும் செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே அவள் கேட்ட பிரிவு கிடைக்காமல் போகலாம். அப்போது பிரிவை மாற்றுவதா, கல்லூரியை மாற்றுவதா என்பது அவள் பாடு, அதில் மாமன் வாய் திறக்கக் கூடாது.

என் ஓட்டு இரண்டாவதற்கு. மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கடன் இல்லாமல், நகையைப் பாலமாக மட்டும் வைத்து.

ஊரில் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, 'வாங்கிக்கங்க, எப்படியும் தள்ளுபடி வரும்' என்றார். 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனது, ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி ஆனது, அதையெல்லாம் பார்த்தவர் அவர். பயிர்க்கடனில் தப்பிய மனுஷர் கல்விக் கடனையும் அதே கண்ணால் பார்க்கிறார். தள்ளுபடியை நம்பித் தவணையை விட்டால் முதலில் கெடுவது பெண்ணின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் கணக்கு, கூடவே இணைக் கடன்தாரரான அப்பாவுடையது. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் சம்பளத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு நாலு தவணை விட்டேன். ஓடு பறந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தவணை ஞாபகம் வராது. ஆனால் வங்கியில் போய்ச் சொல்லி, தவணையை மாற்றியமைக்கக் கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்த அந்த நாலு மாதம், மூன்று வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனபோது திரையில் சிவப்பாக நின்றது.

கிளைக்குப் போகும் முன்

வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஏறி வர வேண்டும். ஜூலையில் ஊரே அதற்கு நிற்கும், மே மாதத்திலேயே போட்டுவிட்டால் நல்லது. கடன் விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுவது எனக்குப் பிடித்த வழி. கிளையில் வாய்மொழியாக 'அப்புறம் வாங்க' என்று சொன்னால் எந்தத் தடயமும் இருக்காது. இணையத்தில் தேதி இருக்கும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். எங்கள் மாவட்டத்தில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அதன் மாவட்ட மேலாளரிடம் முறையிடலாம். கலெக்டர் நடத்தும் கல்விக் கடன் முகாமில் எல்லா வங்கிகளும் ஒரே கூரையில் உட்காரும், அங்கே மறுப்பது கிளையில் மறுப்பதைப் போல எளிது இல்லை. உங்கள் ஊர் எங்கள் கிளையின் சேவைப் பகுதிக்குள் வராது என்று சொல்லிக் கல்விக் கடனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அத்தானின் பழைய பயிர்க்கடனில் பாக்கி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று சொன்னேன். 'அது போன பங்குனியிலயே கட்டியாச்சு' என்றார். ரசீது பீரோவில் இல்லை. இரண்டு நாள் தேடி, அரிசி டின்னுக்குள் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஈடாகக் காட்டும் சொத்து என்று கேட்ட இடத்தில் நின்று, 'மாமா, இதுல வீட்டைப் போடலாமா?' என்றாள். கோயில் மனை, போடாதே, மூன்று லட்சத்துக்குக் கேட்கவும் மாட்டார்கள் என்றேன். இல்லை என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.